வீணை: மீட்டலும் மீட்பும்

விட்டுப்போன வாத்தியம் என்றதும் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது வீணை. வயலினைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிடலாம். புல்லாங்குழல் மேசை இழுப்பறைக்குள் மறைந்துவிடும். நான்கடி நீளமும் பலாமரக் குடமும் கொண்ட வீணையை மறைக்க வீட்டில் இடம் கிடையாது. கூடத்து மூலையில், பழைய பட்டுப்புடவையில் தைத்த உறைக்குள், வீடு மாறும்போதெல்லாம் கூடவே மாறி, யாரும் தொடாமல் இருபது முப்பது ஆண்டுகள் அது இருந்துவிடும். விற்கவும் மனம் வராது. சரஸ்வதியை விற்பதா என்று கேட்க வீட்டில் ஒருவராவது இருப்பார்.

ஆண்டுக்கு ஒருமுறை உறை கழற்றப்படும். சரஸ்வதி பூஜையன்று குடத்துக்குச் சந்தனம், யாளி முகத்துக்குக் குங்குமம், தண்டிமேல் ஒரு முழம் கதம்பம். அன்று புத்தகத்தைப் படிக்கக் கூடாது, வாத்தியத்தை வாசிக்கக் கூடாது. மறுநாள் விஜயதசமியில் எடுத்துச் சிறிதாவது வாசித்துவிட வேண்டும் என்பது வழக்கம். தினமும் வாசிப்பவர்களுக்காக ஏற்பட்ட ஒருநாள் ஓய்வு அது. பல வீடுகளில் அந்த ஓய்வு ஆண்டு முழுவதற்குமாக நீண்டு, பூஜை மட்டும் தவறாமல் நடக்கிறது. வாசிக்கப்படாத வாத்தியத்துக்குக் கிடைக்கும் மரியாதை, வாசிக்கப்படும் வாத்தியத்துக்குக்கூட வாய்ப்பதில்லை.

இன்றுள்ள 24 மெட்டு வீணை, தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் உருப்பெற்றதாகச் சொல்வது மரபு. முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்தவர். அவருடைய கீர்த்தனைகளின் நீண்ட, நிதானமான பிடிகளில் வீணைக் கையின் தடம் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை வீணை அரசவையிலும், இசையையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பங்களிலும் வளர்ந்தது. நடுத்தர வீடுகளுக்குள் அது பரவலாக வந்தது 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான். 1928-இல் சென்னையில் மியூசிக் அகாதெமி, 1929-இல் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி, 1936-இல் கலாக்ஷேத்ரா, 1938-இல் சென்னை வானொலி நிலையம் என்று அடுத்தடுத்து வந்த அமைப்புகள், ‘குடும்பப் பெண்கள்’ இசை கற்பதைக் கௌரவமாக்கின. அந்தக் கௌரவத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு கீர்த்தனை வாசிக்கத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் தேர்ச்சி வேண்டும் என்று வீட்டில் பெரும்பாலும் யாரும் நினைக்கவில்லை.

ஆகவே, வீணை நின்றுபோனதை ஆர்வக்குறைவு என்று சொல்வது சரியல்ல. நின்றுபோகும்படியாகவே அது தொடங்கப்பட்டது. கல்யாணம் என்ற இலக்கை வைத்துக் கற்றுக்கொடுத்த கலை, கல்யாணம் ஆனதும் தன் வேலை முடிந்துவிட்டதாக ஒதுங்கிக்கொண்டது. சீர்வரிசையோடு புகுந்த வீட்டுக்குப் போன வீணைகள் உண்டு; பிறந்த வீட்டிலேயே நின்றுவிட்டவை இன்னும் அதிகம். போன வீணைகளும் முதல் பிள்ளைப்பேறு வரைதான் தாக்குப்பிடித்தன. தவழும் குழந்தையின் கைக்குச் சரியாக எட்டும் உயரத்தில் ஏழு தந்திகளை விரித்துவைத்துக்கொண்டு தரையில் உட்கார எந்தத் தாய்க்கும் துணிவு வராது. ஆண் பிள்ளைகளின் கதை சுருக்கமானது. பத்தாம் வகுப்பு வந்தது, மிருதங்கம் நின்றது.

அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ‘லோயர்’ முடித்து, ‘ஹையர்’ எழுதும் முன்பே திருமணமாகிப் போனவர்கள் இன்று அறுபதை ஒட்டியிருக்கிறார்கள். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள்; மாமியார், மாமனார் காலமும் முடிந்துவிட்டது. உத்தியோகம் பார்த்தவர்களுக்கு ஓய்வு கிடைத்திருக்கிறது. கூடத்து மூலையில் இருக்கும் உறை அப்போதுதான் கண்ணில் உறுத்தத் தொடங்குகிறது. இப்படித் திரும்பி வருபவர் புது மாணவர் இல்லை, பழைய மாணவரும் இல்லை. அவர் மூன்றாவது வகை. அந்த வகைக்கு நம் இசைக்கல்வியில் பெயர்கூட இல்லை என்பதுதான் பிரச்சினை.

முதல் தடை மாணவரிடம் இல்லை, வாத்தியத்தில் இருக்கிறது. கிதாரிலும் மாண்டலினிலும் மெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. முப்பது ஆண்டு கழித்து எடுத்தாலும் நின்ற இடத்தில் நிற்கும். வீணையின் மெட்டுகள் மெழுகில் நிற்பவை. தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு பக்கமும் மேடாக எழுப்பி, அதன்மேல் 24 உலோக மெட்டுகளைப் பதிப்பார்கள். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். கோடையில் மெழுகு இளகும். பயன்படாமல் கிடந்தால் காய்ந்து வெடிக்கும். ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் அந்த இடத்து ஸ்வரம் பிசகும். தினமும் வாசிக்கப்படும் வீணைக்கே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேளத்தைப் பிரித்துக் கட்ட வேண்டும் என்றால், முப்பது ஆண்டு மூலையில் இருந்த வீணையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

உறையைக் கழற்றியதும் தெரிவது இதுதான். எஃகுத் தந்திகள் துருவேறி, தடவினால் விரலில் செம்பழுப்பாக ஒட்டும். மந்தர, அனுமந்தரத் தந்திகள் கறுத்துப்போயிருக்கும். தந்தியை முறுக்கும் பிருடைகளில் ஒன்றிரண்டு இறுகியிருக்கும். மற்றவை பிடிப்பில்லாமல் சுற்றும். மெழுகில் குறுக்கே ஓடிய வெடிப்புகள். சுரைக்காய் உண்மையான சுரைக்குடுக்கையாக இருந்தால் அதில் ஓட்டை விழுந்திருக்கலாம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல்தகட்டில் அந்நாளைய வாசிப்பு அரித்த மெல்லிய தடங்கள் அப்படியே இருக்கும். அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்ப்பவருக்கு, தான் ஒருகாலத்தில் எவ்வளவு வாசித்திருக்கிறோம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. ஆனால் பழுதுபார்ப்பவர் முதலில் செய்யும் வேலை அந்தத் தடத்தை ராவி எடுப்பதுதான். தந்தி தகட்டை எங்கே எப்படித் தொடுகிறது என்பதைப் பொறுத்தே வீணையின் நாதம் அமைகிறது. பள்ளம் இருந்தால் தந்தி இரையும்.

மேளம் கட்டுபவர் வீட்டுக்கு வந்தால் ஒரு பகல் முழுவதும் போகும். சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு மெட்டையும் இளகிய மெழுகில் வைத்து, தந்தியை மீட்டி, காதால் கேட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி, அழுத்தி நிறுத்துகிறார். இரண்டு ஸ்தாயிக்கு 24 இடங்கள். அளவுகோல் என்று ஒன்று இருந்தாலும் கடைசித் தீர்ப்பு காதுடையது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த ஊரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் குடும்பங்களின் கையிலேயே இந்த வேலையும் பெரும்பாலும் இருக்கிறது. புதிதாக வீணை வாங்குவதைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. பழைய வீணையை மீட்டெடுக்கும் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச்சே இல்லை. குறியீடு வாத்தியத்துக்குக் கிடைத்தது. மேளம் கட்டும் காதுக்கு எந்தக் குறியீடும் இல்லை.

மற்ற வாத்தியங்களுக்கும் தனித்தனி நோய் உண்டு. மூடிய பெட்டிக்குள் வயலின் வில்லின் குதிரைமயிரைப் பூச்சி அரித்துவிடும். மிருதங்கத்தின் வார் காய்ந்து விறைக்கும். மூங்கில் குழலில் கீறல் விழும். குரல் மட்டுமே உறையில்லாமல் கூடவே வருவது. அதுவும் வயதாக ஆகச் சுருதியில் இறங்கும்.

அடுத்தது கை. வீணை வாசிப்பவரின் இடக்கை ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் தந்தி பதிந்து பதிந்து ஒரு காய்ப்பு ஏற்பட்டிருக்கும். தோலின் மேலடுக்கு சில வாரங்களில் உதிர்ந்து புதிதாவதால், வாசிப்பு நின்ற சில மாதங்களிலேயே காய்ப்பு போய்விடும். திரும்பத் தொடங்கும்போது முதல் இரண்டு மூன்று வாரம் விரல் நுனி எரியும். கமகத்துக்காகத் தந்தியை இழுக்கும்போது வலி இன்னும் கூடும். வீணையில் ஒரே மெட்டில் விரலை வைத்துத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, மேலே உள்ள இரண்டு மூன்று ஸ்வரங்களை வரவழைப்பது அன்றாட வேலை. தோடியும் சங்கராபரணமும் பிறப்பது அந்த இழுப்பில்தான். பதினைந்து வயதில் யோசிக்காமல் செய்தது, அறுபதில் மணிக்கட்டுவரை தெரியும்.

இதில் கௌரவம் பார்க்காமல் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. சுருதியைக் குறைப்பது. தந்தியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்தோடு ஏறி இறங்குவது. அதே தந்தியில் சுருதியை இரண்டரைக் கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு, அதாவது ஓர் அரைக்கட்டை இறக்கினால், இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும். இன்னோர் அரைக்கட்டை இறக்கினால் ஏறத்தாழ 20 சதவீதம். விரலுக்கு இது பெரிய வித்தியாசம். ஆனாலும் பழைய ஆசிரியர் வைத்துக்கொடுத்த கட்டையைக் குறைக்க மனம் ஒப்பாமல், வலியோடு இரண்டு மாதம் வாசித்துவிட்டு மறுபடி உறை போட்டவர்கள் உண்டு.

உட்காருவதும் ஒரு விஷயம். சம்மணமிட்டு, சுரைக்காயை இடத்தொடைமேல் தாங்கி, குடத்தைத் தரையில் சாய்த்து வாசிப்பது வழக்கம். மூட்டுவலிக்காரருக்கு அது பத்து நிமிடத்துக்குமேல் முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே தாங்கியில் வீணையைக் கிடத்தி வாசிப்பதை மரபு மீறலாகப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இது தேவையில்லாத கண்டிப்பு. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம். அவர்களுக்குத் தாங்கி ஒரு வசதியல்ல, வாசிப்பதற்கான ஒரே வழி.

கை இவ்வளவு இழந்திருக்க, நினைவு இழந்தது வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. 1885-இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைப்பொருளாக வைத்து எழுதிய நூலில், முற்றிலும் மறந்ததாகத் தோன்றும் பாடத்தைக்கூடத் திரும்பக் கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது என்று காட்டினார். மறதி என்பது துடைத்த பலகை அல்ல. கைத்திறனில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. வலிப்பு நோய்க்காக 1953-இல் மூளை அறுவைக்கு உள்ளான ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர், அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாதவரானார். உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் ஓரமாகக் கோடு வரையும் பயிற்சியைக் கொடுத்தார். ஒவ்வொரு நாளும் அதை முதன்முறையாகச் செய்வதாகவே மொலேசன் நினைத்தார்; கோடு மட்டும் நாளுக்கு நாள் சுத்தமாகிக்கொண்டே வந்தது. நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி வேறு, செய்திறனை வைத்திருக்கும் பகுதி வேறு என்பதற்கு அது முக்கியமான சான்றானது.

வீணையில் இதன் வெளிப்பாடு விநோதமானது. நாற்பது ஆண்டுக்கு முன் கற்ற வர்ணத்தின் முதல் ஸ்வரத்தைப் பிடித்ததும் விரல்கள் தாமாகவே ஓடத் தொடங்கும். அடுத்தது என்ன என்று வாசிப்பவருக்கே தெரியாது, விரலுக்குத் தெரியும். முத்தாயி ஸ்வரத்தின் நடுவில் ஓரிடத்தில், ‘இப்போது எங்கே இருக்கிறோம்’ என்று ஒரு கணம் யோசித்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். விட்ட இடத்திலிருந்து தொடர வராது. பல்லவிக்குப் போய்த்தான் திரும்ப வரவேண்டும். ஒவ்வோர் அசைவும் அடுத்த அசைவுக்குச் சங்கிலிக் கண்ணியாக இருக்கிறது. நடுவில் பிடிக்க அதில் கைப்பிடி இல்லை. சிறுவயதில் ஆசிரியர்கள் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் ஏற்றிவிட்டதன் விளைவு இது. நடுவிலிருந்து தொடங்கப் பழக்குவது எங்கும் பாடமாக இருந்ததில்லை. திரும்பி வருபவருக்கு முதலில் அதைத்தான் பழக்க வேண்டும்.

இதையெல்லாம்விடக் கடினமான ஒன்று இருக்கிறது. இடைப்பட்ட முப்பது ஆண்டில் கை நின்றுவிட்டது, காது நிற்கவில்லை. அடுக்களையில் வேலை பார்த்துக்கொண்டே வானொலியில், பின்னர் கேசட்டில், பின்னர் யூடியூபில் கேட்டது கொஞ்சமா? சிறுமியாகக் கற்றபோது காதும் கையும் ஒரே பருவத்தில் இருந்தன. தவறாக வாசித்தது தவறு என்று காதுக்கும் தெரியாது. அதனால் வெட்கமும் இல்லை. இப்போது காது முதிர்ந்துவிட்டது. ஒரு காம்போதியின் நிஷாதம் எவ்வளவு நின்றால் அழகு என்று அதற்குத் தெரியும். தன் கையிலிருந்து வரும் ஒலியை அந்தக் காதால் கேட்பது பெரும் அவமானம். திரும்பி வந்தவர்கள் முதல் ஆறு மாதத்துக்குள் மறுபடி விட்டுவிடுவதற்கு விரல்வலியைவிட இதுவே காரணம். முதல்முறை விட்டதற்குக் கல்யாணம், குழந்தை என்று வெளியே காரணம் சொல்ல முடிந்தது. இரண்டாம்முறை விடும்போது ‘எனக்கு வரவில்லை’ என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அதனால் பெரும்பாலும் அதோடு கதை முடிந்துவிடுகிறது.

ஆசிரியர் கவனம் செலுத்த வேண்டிய இடம் இந்த இடைவெளிதான். நடப்பது என்னவோ வேறு. வந்தவரை ஒன்று சரளி வரிசையில் உட்கார்த்தி ஓராண்டு சிறுபிள்ளைப் பாடம் நடத்துகிறார்கள். அல்லது, ‘வர்ணம்வரை தெரியுமே’ என்று நேராகப் பெரிய கீர்த்தனைக்குப் போகிறார்கள். இரண்டும் தவறு. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் சரளி, ஜண்டை, அலங்காரம் என்ற படிவரிசை, ஸ்வரம் அறியாத குழந்தைக்குக் காதையும் கையையும் ஒருசேர வளர்க்க ஏற்பட்டது. காது வளர்ந்தவருக்கு அதில் கற்க ஒன்றுமில்லை. கைக்கு மட்டும் அது உடற்பயிற்சியாக வேண்டும். ஆகவே சரளி பத்து நிமிடம், மெதுவாக, ஒரே காலத்தில். மீதி நேரம், சின்னதாக இருந்தாலும் இசையாக இருக்கும் உருப்படி. அரைமணிக்குமேல் வேண்டாம், தசைநாண் வீங்கினால் ஒரு மாதம் வீணாகும். வர்ணத்தை மூன்று காலத்தில் வாசித்துக் காட்டும் ஆசையை ஓராண்டாவது தள்ளிவைக்கலாம். இரண்டு கீதம், ஒரு ஸ்வரஜதி, நான்கே வரியுள்ள ஒரு கீர்த்தனை ஆகியவற்றைக் காது ஒப்பும்படி வாசித்துவிட்டால், அந்த அவமானத்தின் கூர் மழுங்கிவிடும்.

இன்னொரு சிக்கல், பழைய பாட்டு நோட்டு. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டில், நீல மையில், ஆசிரியரே தன் கையால் எழுதிக்கொடுத்த ஸ்வரங்கள் இருக்கும். மேல்ஸ்தாயிக்கு எழுத்தின் தலையில் ஒரு புள்ளி, கீழ்ஸ்தாயிக்கு அடியில் ஒரு புள்ளி, கார்வைக்குக் காற்புள்ளி, அரைப்புள்ளி. ஓரத்தில் எண்ணெய்க்கறை. ‘இங்கே நிறுத்தி வாசி’ என்று பென்சிலில் ஒரு குறிப்பு. புதிய ஆசிரியர் இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ‘எங்கள் பாடாந்தரத்தில் இந்தச் சங்கதி இப்படி இல்லை’ என்று சொல்லி, சிவப்பு மையில் திருத்தத் தொடங்குவார். பாடாந்தரத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது நியாயம். ஆனால் ஊர்ப்புறத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்து, ஒரு கச்சேரிகூடச் செய்யாமல், ஒலிப்பதிவு எதுவும் விட்டுப்போகாமல் மறைந்த எத்தனையோ ஆசிரியர்களின் இசைக்கு அந்த நோட்டும் அந்தப் பழைய மாணவரின் விரலும்தான் மிச்சம். திருத்துவதற்கு முன் அதை ஒருமுறை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பது, புதிய ஆசிரியருக்கும் நஷ்டமில்லை.

அமைப்புகள் இந்த மூன்றாவது வகை மாணவரைக் கண்டுகொள்வதில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் சேர்க்கை வயது 12 முதல் 25 வரை. அது தொழில்முறைக் கலைஞரை உருவாக்கும் பள்ளிக்குப் பொருத்தமான வரம்பாக இருக்கலாம்; அறுபது வயதுக்காரருக்கு வேறு கதவு எது என்பதுதான் கேள்வி. சபாக்களில் இளம் கலைஞர்களுக்கென்று தனி நேரம் உண்டு. தனியார் வகுப்புகளில் எல்லாப் பாதையும் அரங்கேற்றத்துக்கோ தேர்வுக்கோ போய்ச் சேருகிறது. மேடை ஏற விரும்பாத, ஆனால் நன்றாக வாசிக்க விரும்பும் ஒருவர் எங்கே போவது?

அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் உள்ள ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ராய் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் 1991-இல் முதியோருக்காக ஒரு வாத்தியக் குழுவைத் தொடங்கினார். ‘நியூ ஹொரைசன்ஸ்’ என்று பெயர். பள்ளி நாளில் வாசித்துவிட்டு விட்டவர்களும், வாத்தியத்தைத் தொட்டே பார்க்காதவர்களும் ஒன்றாக உட்கார்ந்து கற்கலாம். அந்த மாதிரியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏராளமான குழுக்கள் பின்னர் தோன்றின. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கையில் ஒருவருடைய பிசகு தனியாகத் தெரியாது என்பதே அதன் பெரிய பலம். கர்நாடக இசை தனியாள் இசை. வாத்திய கோஷ்டி இங்கே பொருந்தாது என்று சொல்லிவிடலாம். ஆனால் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின்போது பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பந்தல் முழுக்க உட்கார்ந்து பாடுபவர்களில் மேதைகள் உண்டு, சுமாராகப் பாடுபவர்கள் உண்டு, சேர்ந்து முணுமுணுப்பவர்களும் உண்டு. யாரும் யாரையும் தரம் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒருநாள் முடிகிற காரியம், வட்டாரத்துக்கு ஓரிடத்தில் வாரம் ஒருமுறை முடியாமல் போகக் காரணம் இல்லை.

திரும்பி வந்த பெரிய கலைஞர்களை இங்கே உதாரணம் காட்டுவது வழக்கம். அதில் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பியானோ மேதை விளாதிமிர் ஹோரோவிட்ஸ் 1953-இல் மேடையிலிருந்து விலகி, 12 ஆண்டு கழித்து 1965 மே மாதம் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் மறுபடி வாசித்தார். சாக்ஸபோன் கலைஞர் சானி ராலின்ஸ் புகழின் உச்சியில் 1959-இல் கச்சேரிகளை நிறுத்திக்கொண்டு, நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மேல் நின்று மணிக்கணக்கில் தனியே பயிற்சி செய்தார். இவர்கள் விட்டது மேடையை, வாத்தியத்தை அல்ல. வாத்தியமே கையை விட்டுப்போன லியான் ஃப்ளெய்ஷரின் கதை வேறு. 1960களின் நடுவில் அவருடைய வலக்கை விரல்கள் கட்டுப்பாடின்றிச் சுருண்டுகொண்டன. முப்பது ஆண்டுக்கும் மேலாக இடக்கைக்கென்று எழுதப்பட்ட பாடல்களை வாசித்தும், கற்பித்தும், இசைக்குழுக்களை நடத்தியும் காலம் தள்ளிய அவர், சிகிச்சைக்குப் பின் இரு கையாலும் வாசித்த இசைத்தட்டு 2004-இல் வெளிவந்தது. வணங்கத்தக்க விடாமுயற்சி. ஆனாலும் கூடத்து வீணைக்காரருக்கு இவர்கள் யாரும் முன்மாதிரி அல்லர்.

அவருக்கு நெருக்கமானவர் ஆலன் ரஸ்பிரிட்ஜர். ‘கார்டியன்’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர்; சிறுவயதில் பியானோ கற்று விட்டவர்; நடுவயதில் திரும்பி வந்தவர். ஐம்பதுகளின் பிற்பகுதியில், இசையமைப்பாளர் ஷோபானின் முதல் ‘பாலாட்’ உருப்படியை வாசித்தே தீருவது என்று தினமும் இருபது நிமிடம் ஒதுக்கினார். விக்கிலீக்ஸ் ஆவணங்களும் தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரமும் அவர் பத்திரிகையை உலுக்கிய அதே காலம் அது. ஓராண்டு என்று போட்ட கணக்கு அதைத் தாண்டிப் போனது. கடைசியில் நண்பர்கள் முன்னால் வாசித்தார். 2013-இல் அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அந்த வாசிப்பு மேதையின் வாசிப்பு அல்ல என்பதை அவரே மறைக்கவில்லை. நேரம் இல்லை என்ற காரணத்தை இனி யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டார் என்பதுதான் அவர்மீது வைக்கக்கூடிய ஒரே குறை.

வாட்ஸப் செய்திகளில் இசைப்பயிற்சி மறதிநோய்க்கு மருந்து என்று வந்துகொண்டே இருக்கிறது. வாத்தியம் வாசிக்கும் முதியோரிடம் மறதிநோய் குறைவாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் சொல்வது உண்மை. வாசிப்பதால் மூளை நன்றாக இருக்கிறதா, மூளை நன்றாக இருப்பவர்களால் வாசிக்க முடிகிறதா என்பது அத்தகைய ஆய்வுகளால் தீராத வினா. வீணையைச் சூரணமாக விற்பதில் வேறொரு ஆபத்தும் இருக்கிறது. மருந்தாக எடுத்தவர், குணம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுவார்.

வீட்டில் எங்கே, எப்போது வாசிப்பது என்பது கடைசிக் கேள்வி. அடுக்குமாடி வீட்டில் மிருதங்கம் பழகுபவருக்குப் பக்கத்து வீட்டாரின் பொறுமை வேண்டும். வீணைக்கு அந்தக் கவலை இல்லை; கதவைச் சாத்தினால் அடுத்த அறைக்குக்கூட எட்டாது. ஒலிபெருக்கி வந்தபின் இதுவே அதன் குறையாகப் பேசப்பட்டது. வீணையில் ஒலிவாங்கி பொருத்தி ஒலியைப் பெரிதாக்கி, தாளவாத்தியங்களோடு மல்லுக்கட்டி, வீணைக் கச்சேரி தன் மென்மையில் பாதியை இழந்தது. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தபோது மைக் கிடையாது. பெரிய வித்துவான்களும் தேடி வந்து தரையில் உட்கார்ந்து கேட்டார்கள்; இருமல்கூடக் கூடாது. தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அந்த நாதம் தேய்ந்து அடங்கும்வரை கமகத்தை இழைப்பதுதான் வீணை. அதைக் கேட்க ஓர் அறை போதும், மூன்று நான்கு பேர் போதும்.

நவராத்திரியின் ஒன்பது மாலைகளில் கொலு பார்க்க வருகிறவர்கள், சுண்டல் பொட்டலம் கைக்கு வருமுன், ‘ஒரு பாட்டு’ என்று கேட்பது இன்றும் இருக்கிறது. திரும்பி வந்தவருக்குப் பெரும்பாலும் முதல் அவை அதுதான். அப்படி வாசிக்க நினைப்பவர் மேளம் கட்டுபவரிடம் ஆடி மாதமே சொல்லிவைப்பது நல்லது. புதுத் தந்தி முதல் சில நாள் நீண்டுகொண்டே இருக்கும். காலையில் சேர்த்த சுருதி மாலையில் நிற்காது. மேளம் கட்டுபவர் வந்து உறையைக் கழற்றி, துருவேறிய தந்திகளை வெட்டிப் போட்டுவிட்டு, மெழுகை அடுப்பில் வைக்குமுன் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை கட்டை என்பது. அதற்குப் பதிலாக, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும் பழைய எண்ணைச் சொல்லாமல், இன்றைக்குக் கை தாங்கும் எண்ணைச் சொல்ல வேண்டும்.